ஒரு பக்கம், மூன்று ஸ்டோர்கள்: தவறான ஆவணத்தில் பதிவான குறிப்புகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

எங்கள் ஆவண மதிப்பாய்வுச் செயலியில், மதிப்பாய்வாளர் ஒருவர் ஓர் ஆவணத்தைப் படித்து எழுதிய குறிப்பு, அதற்கு முந்தைய ஆவணத்தின் கீழ் சேமிக்கப்பட்டிருந்தது. எங்களுக்கு வந்த முதல் புகார் இதுதான். அவர் தவறுதலாக வேறு ஆவணத்தைத் திறந்துவிட்டார் என்று எண்ணி நாங்கள் அதை முடித்துவைத்தோம். அதே வாரத்தில் இன்னும் இருவர் அதே சொற்களில் எழுதிய பிறகுதான், பிழை எங்கள் பக்கம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் வந்தது. மதிப்பாய்வுக் குறிப்பு என்பது ஒருவருடைய தீர்ப்பு. அது வேறு ஆவணத்தின் மீது போய் ஒட்டிக்கொண்டால், அந்த ஆவணத்தை எழுதியவர் தான் செய்யாத பிழைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே இதை அழகியல் குறையாகக் கருதாமல், தரவுச் சேதமாகவே கருதி ஆராயத் தொடங்கினோம்.

பக்கத்தின் அமைப்பு

அந்தச் செயலியின் முதன்மைப் பக்கத்தில் மூன்று பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஃபிரேம்வொர்க்கில் (இணையப் பக்கம் எழுத உதவும் கட்டமைப்பில்) எழுதப்பட்டு, தன் நிலையை, அதாவது தேர்ந்தெடுத்த ஆவணம் போன்ற நடப்பு மதிப்புகளை, தனக்கென ஒரு ஸ்டோரில் வைத்திருந்தது. இடப்பக்கத்தில் இருந்த ஆவணப் பட்டியலும் வடிகட்டிகளும் வியூ 3-இல் எழுதப்பட்டு, நிலையைப் பினியா ஸ்டோரில் வைத்திருந்தன. நடுவில் இருந்த ஆவணம் காட்டும் பகுதி ரியாக்ட் 18-இல், ரீடக்ஸ் டூல்கிட் என்ற ஸ்டோர் நூலகத்துடன் எழுதப்பட்டது. வலப்பக்கத்தில் இருந்த ஒப்புதல் பலகம் ஆங்குலரில் எழுதப்பட்டிருந்தது. அதன் நிலை, ஆர்எக்ஸ்ஜேஎஸ் நூலகத்தின் பிஹேவியர் சப்ஜெக்ட் (நடப்பு மதிப்பை வைத்திருந்து, மாற்றத்தை அறிவிக்கும் பொருள்) ஒன்றைச் சுற்றி அமைந்த ஒரு சர்வீஸில் இருந்தது. மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு குழுக்களால், தனித்தனிப் பக்கங்களாக எழுதப்பட்டவை. ஒரே பக்கத்தில் மூன்றும் தெரிய வேண்டும் என்ற தேவை பின்னால் வந்தது. மூன்றையும் ஒரே ஃபிரேம்வொர்க்கில் திருப்பி எழுதுவதற்கான காலம் யாரிடமும் இல்லை.

இணைப்பு வேலையில் முதலில் எழுந்த கேள்வி, பயனர் எந்த ஆவணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதை மூன்று பகுதிகளும் எப்படி அறிவது என்பதாகும். அன்று எங்களுக்கு எளிதாகத் தோன்றிய வழி, ஒரு ஸ்டோரில் மாற்றம் நிகழ்ந்தால் அதை மற்ற இரண்டிலும் எழுதிவிடுவது. பினியாவின் மதிப்பைக் கவனிக்க வியூவின் வாட்ச், ரீடக்ஸைக் கவனிக்க அதன் சப்ஸ்கிரைப், ஆங்குலர் சர்வீஸைக் கவனிக்க அதன் அப்சர்வபிள் என மூன்று கவனிப்பாளர்களை வைத்தோம். ஒன்று மற்றொன்றை எழுப்ப, அது மீண்டும் முதலாவதை எழுப்பும் என்பது தெரிந்திருந்ததால், நகலெடுக்கும்போது உயர்த்தப்பட்டு முடிந்ததும் இறக்கப்படும் ஒரு கொடியையும் வைத்தோம். கொடி உயர்ந்திருக்கும்போது வரும் மாற்றம் எதிரொலி என்று கருதி விடப்படும். எழுதிய நாளில் இது சரியாகவே வேலை செய்தது.

பிழையைத் துரத்தியது

பிழையை எங்கள் கணினிகளில் மீண்டும் நிகழ்த்த வெகுநாள் முடியவில்லை. மெதுவாகச் சொடுக்கினால் ஒருபோதும் வரவில்லை. புகார் அளித்த மூவரும் விசைப்பலகையில் ‘அடுத்தது’ குறுக்குவிசையை அடுத்தடுத்து அழுத்தி ஆவணங்களைத் தாண்டிச் செல்பவர்கள் என்பதை, அவர்களில் ஒருவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தபோதுதான் கவனித்தோம். உலாவியின் நெட்வொர்க் பலகத்தில் வேகத்தைக் குறைத்துவைத்து அதே போல் அழுத்தியபோது, நாங்கள் எதிர்பாராத ஒரு காட்சி தெரிந்தது: இரண்டே ஆவணங்களின் விவரங்களைக் கேட்கும் கோரிக்கைகள், யாரும் எதையும் தொடாத நிலையிலும், ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தன.

நடந்தது இதுதான். பயனர் ரியாக்ட் பகுதியில் இருந்து 2-ஆம் ஆவணத்துக்குச் செல்கிறார். ரீடக்ஸில் மதிப்பு 2 ஆகிறது. ரீடக்ஸின் சப்ஸ்கிரைப் உடனடியாக, அதே அழைப்பினுள்ளேயே இயங்கும்; ஆகவே கொடி உயர்கிறது, பினியாவில் 2 எழுதப்படுகிறது, கொடி இறங்குகிறது. ஆனால் வியூவின் வாட்ச் இயல்பாக உடனடியாக இயங்குவதில்லை. மாற்றங்களைத் தொகுத்து, நடப்பு வேலை முடிந்த பின்னர் மைக்ரோடாஸ்க்காக இயங்கும். அது விழிக்கும் நேரத்தில் கொடி எப்போதோ இறங்கியிருக்கும். எனவே எதிரொலியை அது பயனரின் புதிய செயலாக எடுத்துக்கொண்டு, 2-ஆம் ஆவணத்தின் விவரங்களைச் சர்வரிடம் கேட்டு, பதில் வந்த பின் எண்ணையும் விவரங்களையும் சேர்த்து ரீடக்ஸுக்கு டிஸ்பாட்ச் செய்யும், அதாவது கட்டளையாக அனுப்பும். பதில் வருவதற்குள் பயனர் 3-க்குச் சென்றிருந்தால், அதற்கும் இதேபோல் ஒரு கோரிக்கை கிளம்பியிருக்கும்.

இனி, பதில்கள் வரும் வரிசையைப் பொறுத்து இரண்டில் ஒன்று நடக்கும். 2-க்கான பதில் முதலில் வந்தால், தேர்வு 3-இலிருந்து 2-க்குத் திரும்பும். அந்த மாற்றம் பினியாவுக்குப் போய் 2-க்கான புதிய கோரிக்கையைக் கிளப்பும். பிறகு 3-க்கான பதில் வந்து தேர்வை 3-க்கு மாற்றி இன்னொரு கோரிக்கையைக் கிளப்பும். இது முடிவதே இல்லை. நெட்வொர்க் பலகத்தில் நாங்கள் கண்ட ஊசலாட்டம் இதுவே. மாறாக 3-க்கான பதில் முந்திக்கொண்டால், அப்போது மதிப்பு ஏற்கெனவே 3-ஆக இருப்பதால் ஒன்றும் நிகழாது. பின்னால் தாமதமாக வரும் 2-க்கான பதில் தேர்வை 2-க்கு இழுத்துவந்து, அங்கேயே அமைதியாக நிறுத்திவிடும்.

இவ்வளவு வெளிப்படையான தடுமாற்றம் பயனரின் கண்ணில் படாமல் போனதற்கு, நாங்கள் நல்லெண்ணத்துடன் சேர்த்திருந்த வேறொரு வசதி காரணமாக இருந்தது. குறிப்புப் பெட்டி திறந்திருக்கும்போது ஆவணம் மாறினால் எழுதிய சொற்கள் தொலைந்துவிடும் என்பதற்காக, பெட்டி மூடப்படும் வரை ரியாக்ட் பகுதி திரையில் இருக்கும் ஆவணத்தை மாற்றாது. எனவே பயனர் கண்ணுக்கு 3 தெரியும், ஸ்டோரில் 2 இருக்கும். சேமிக்கும் பொத்தானோ, அழுத்தப்படும் கணத்தில் ஸ்டோரில் உள்ள எண்ணைப் படித்துச் சர்வருக்கு அனுப்பியது. பெட்டி திறக்காதவர்களில் சிலர் ‘திரை நடுங்குகிறது’ என்று முன்பே எழுதியிருந்தார்கள். அதை நாங்கள் தனிப் புகாராகப் பதிந்து, முன்னுரிமை குறைந்த வரிசையில் வைத்திருந்தோம். இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள் என்பதை அப்போதே கண்டிருந்தால், சில குறிப்புகளாவது தவறான இடத்துக்குப் போகாமல் தப்பியிருக்கும்.

முதல் திருத்தமும் அது போதாமல் போனதும்

வாட்சை உடனடியாக இயங்கும்படி மாற்ற வியூவில் ஒரு விருப்பம் உண்டு. ஃப்ளஷ் என்பதற்கு ‘சிங்க்’ என்று கொடுத்தால் போதும். அப்படிச் செய்தபோது எதிரொலி கொடியில் மாட்டிக்கொண்டது. ரியாக்ட் பகுதியில் இருந்து கிளம்பிய ஊசலாட்டம் நின்றது. ஆனால் பட்டியலில் இருந்தே அடுத்தடுத்துத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, பழைய கோரிக்கையின் தாமதமான பதில் புதிய தேர்வை அழிக்கும் வாய்ப்பு அப்படியே இருந்தது. புதிய கோரிக்கை கிளம்பும்போது பழையதைக் கைவிடுமாறு அபார்ட் கன்ட்ரோலரைப் பயன்படுத்தியிருந்தால் அதுவும் தீர்ந்திருக்கும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று குழுவில் ஒரு கருத்து இருந்தது. அது நியாயமற்ற கருத்து என்று நான் சொல்ல மாட்டேன். இருப்பினும் தேர்வைப் போலவே வடிகட்டி, குறிப்புகளின் எண்ணிக்கை, பயனரின் அனுமதி ஆகியவையும் மும்மூன்று நகல்களாக இருந்தன. ஒவ்வொன்றிலும் எந்த நகல் உண்மையானது என்று கேட்டால், கடைசியாக எழுதப்பட்டதுதான் என்பதைத் தவிர எங்களிடம் விடை இல்லை. மூன்று ஃபிரேம்வொர்க்குகளும் மாற்றத்தை அறிவிக்கும் கணம் வெவ்வேறாக இருக்கும்போது, ‘கடைசியாக’ என்ற சொல்லுக்கே நிலையான பொருள் இல்லாமல் போகிறது. நகல்களை ஒத்திசைப்பதில் இன்னும் திறமை காட்டுவதைவிட, நகல்களை ஒழிப்பதே சரி என்று முடிவு செய்தோம்.

எது பொதுவானது

எல்லா நிலையையும் ஒரே இடத்தில் குவிக்கும் ஆசையை முதலில் அடக்க வேண்டியிருந்தது. உருட்டல் நிலை, திறந்திருக்கும் பெட்டி, பாதி எழுதிய சொற்கள் போன்றவை அந்தந்தப் பகுதிக்கே உரியவை. அவற்றை வெளியே கொண்டுவரவில்லை. சர்வரில் இருந்து வரும் ஆவண விவரங்கள் உண்மையில் எங்களுடைய நிலையே அல்ல, சர்வர் வைத்திருப்பதன் தற்காலிகப் பிரதி. அவற்றை ஆவண எண்ணைத் திறவுகோலாகக் கொண்ட ஒரு கேஷில் வைத்தோம். மிஞ்சியவை நான்கே புலங்கள்: தேர்ந்தெடுத்த ஆவணத்தின் எண், வடிகட்டி, அனுமதி, சேமிக்கப்படாத குறிப்பு இருக்கிறதா என்ற செய்தி. முன்பு மும்முறை நகலெடுத்துக்கொண்டிருந்த குறிப்புகளின் எண்ணிக்கை, சர்வர் தரவாகக் கேஷுக்குள் போய்விட்டது.

இந்தப் பிரிப்பே முதன்மைப் பிழையைத் தீர்த்தது என்று சொல்லலாம். தேர்வு செய்யும் கட்டளை இப்போது எண்ணை மட்டுமே சுமக்கிறது. விவரம் தேவைப்படும் பகுதி அதைக் கேஷிடம் கேட்கிறது. 2-ஆம் ஆவணத்துக்கான பதில் எவ்வளவு தாமதமாக வந்தாலும், 2-க்கு உரிய இடத்தில் போய் அமருமே தவிர, எந்த ஆவணம் தேர்வில் இருக்கிறது என்பதைத் தொட அதற்கு வழியே இல்லை.

உரிமை யாருக்கு

பொதுவான நான்கு புலங்களை யார் வைத்திருப்பது என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. பினியாவை வெளியில் இருந்தும் பயன்படுத்த முடியும். வியூ 3-இன் மாற்றம் உணரும் பொறிகூடத் தனி நூலகமாகக் கிடைக்கிறது. பிஹேவியர் சப்ஜெக்டும் நடப்பு மதிப்பைத் தரும், மாற்றத்தை அறிவிக்கும்; தேவைக்கு அது போதும். விவாதத்தை முடித்துவைத்தது ரியாக்டின் இயல்புதான். ஒரு பொருள் மாறிவிட்டதா என்பதை ரியாக்ட் அதன் அடையாளத்தை ஒப்பிட்டு அறிகிறது. ஆகவே அதற்கு மாறாத ஸ்நாப்ஷாட்டுகள் (ஒரு கணத்து நிலையின் பிரதிகள்) வேண்டும். மாறாத ஸ்நாப்ஷாட்டை வாங்கி, வியூவின் மாற்றம் உணரும் மதிப்பாகவோ அப்சர்வபிளாகவோ உயர்த்துவது சில வரி வேலை. எதிர்த்திசையில், உள்ளேயே மாறிக்கொண்டிருக்கும் ப்ராக்ஸிப் பொருளை (அசல் பொருளை மூடி நிற்கும் இடைப்பொருளை) ரியாக்டுக்குக் கொடுக்க ஒவ்வொரு மாற்றத்துக்கும் நகலெடுக்க வேண்டும், எப்போது நகலெடுப்பது என்றும் முடிவு செய்ய வேண்டும். எனவே உரிமை ரீடக்ஸுக்குப் போனது. ரீடக்ஸ் ரியாக்டைச் சார்ந்திராத நூலகம். அதன் ஸ்டோர் நடப்பு நிலையைத் தரும், மாற்றத்தை அறிவிக்கும், கட்டளையை ஏற்கும், அவ்வளவே. நடுப்பகுதியின் பழைய ஸ்டோரை அங்கேயே விட்டுவிட்டு, பொதுப் புலங்களுக்கு மட்டும் சிறிய புதிய ஸ்டோர் ஒன்றை வைத்தோம்.

மூன்று பகுதிகளுக்கும் ஒரே விதி: படிக்கலாம், கட்டளை அனுப்பலாம், மாற்ற அறிவிப்பைப் பெற்ற கணத்தில் அந்த அறிவிப்புக்கு எதிர்வினையாகக் கட்டளை அனுப்பக் கூடாது. கட்டளை எப்போதும் பயனரின் செயலில் இருந்தே பிறக்க வேண்டும். கொடி தேவைப்படாமல் போனது இந்த விதியால்தான்.

தொடக்கத்தில் ஒரு நாள் முழுவதும் எங்களைக் குழப்பிய சிறு விஷயம் ஒன்று: மூன்று பகுதிகளும் தனித்தனியாகத் தொகுக்கப்படுவதால், ஸ்டோர் இருக்கும் மாட்யூலை ஒவ்வொன்றும் தன் தொகுப்புக்குள் இழுத்துக்கொண்டு, ஒரே பெயரில் மூன்று ஸ்டோர்கள் உருவாகியிருந்தன. தொகுப்புக் கருவியான வெப்பேக் 5-இன் மாட்யூல் ஃபெடரேஷனில் ஒரு மாட்யூலைச் சிங்கிள்டன் (ஒரே பிரதி மட்டும் இருக்க வேண்டியது) என்று குறிக்கலாம். நாங்கள் அதைவிடத் தெளிவான வழியைத் தேர்ந்தோம்: தாய்ப்பக்கம் ஸ்டோரை உருவாக்கி, ஒவ்வொரு பகுதியையும் ஏற்றும்போது அதற்கு அளவுருவாகக் கொடுக்கிறது.

மூன்று அடாப்டர்கள்

புதிய ஸ்டோரை ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்குடனும் இணைக்க ஓர் அடாப்டர் தேவைப்பட்டது. ரியாக்ட் பக்கத்தில் வேலை குறைவு. வெளி ஸ்டோர்களுக்காகவே, 2022 மார்ச்சில் வந்த 18-ஆம் பதிப்பில் ‘யூஸ் சிங்க் எக்ஸ்டர்னல் ஸ்டோர்’ என்ற ஹுக் (காம்பொனென்ட் எனப்படும் திரைக் கூறுக்குள் அழைக்கும் செயற்கூறு) சேர்க்கப்பட்டது. அந்தப் பதிப்பில் இருந்து ரியாக்ட் ஒரு ரெண்டரை (திரையை உருவாக்கும் வேலையை) நடுவில் நிறுத்திப் பின்னர் தொடரக்கூடும்; அந்த இடைவெளியில் வெளி ஸ்டோர் மாறினால், ஒரே திரையில் ஒரு காம்பொனென்ட் பழைய மதிப்பையும் இன்னொன்று புதிய மதிப்பையும் காட்டும். இந்த ஹுக் அந்தக் கிழிசலைக் கண்டறிந்து ஒரே மூச்சில் மீண்டும் ரெண்டர் செய்கிறது. அதற்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு: நிலை மாறாதபோது, கேட்கும் ஒவ்வொரு முறையும் அதே பொருளே கிடைக்க வேண்டும். வடிகட்டியில் இருந்து ஒரு புதிய அணியை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுத் திருப்பிக்கொண்டிருந்த எங்கள் செலக்டர் (ஸ்டோரில் இருந்து மதிப்பை எடுத்துத் தரும் செயற்கூறு), முடிவற்ற ரெண்டரில் போய் முடிந்தது; கணக்கின் விடையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அதை மாற்றினோம்.

வியூ பக்கத்தில் ஷேலோ ரெஃப் (மேல்மட்ட மாற்றத்தை மட்டும் கவனிக்கும் மதிப்பு) ஒன்றில் ஸ்நாப்ஷாட்டை வைத்து, ஸ்டோர் அறிவிக்கும்போது அதை மாற்றினால் போதும். காம்பொனென்ட் நீங்கும்போது அறிவிப்புக்கான சந்தாவை விலக்க ஒரு வரி. படிப்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் அனுப்புவதில் இருந்தது, அதுவும் நாங்கள் சற்றும் நினைக்காத வடிவில். வடிகட்டிப் படிவத்தை நிரப்பி ஒருமுறை அனுப்பிய பிறகு, அந்தப் படிவம் எந்த எழுத்தையும் ஏற்க மறுத்தது. காரணம் இரண்டு நூலகங்கள் சந்திக்கும் இடத்தில் இருந்தது. வியூ 3 படிவப் பொருளை ஒரு ப்ராக்ஸியால் மூடிவைத்திருக்கிறது. அந்த ப்ராக்ஸியை அப்படியே கட்டளைக்குள் வைத்து அனுப்பினோம். ரீடக்ஸ் டூல்கிட்டின் உள்ளே இயங்கும் இம்மர் நூலகம், நிலைக்குள் நுழையும் பொருளை யாரும் மாற்றிவிடாதபடி உறையவைக்கும். உறையவைக்கும் கட்டளை ப்ராக்ஸியைக் கடந்து, அடியில் இருந்த வியூவின் அசல் பொருளையே உறையவைத்துவிட்டது. ஒவ்வொரு நூலகமும் தன் ஆவணத்தில் சொன்னபடியே நடந்தது. குற்றம் எல்லையில் நின்ற எங்களுடையது. டூ ரா என்ற செயற்கூறால் ப்ராக்ஸியைக் கழற்றினாலும் பயனில்லை, ஏனெனில் உறைவது அதே அசல் பொருள்தான். கட்டளை உருவாகும் இடத்திலேயே, தேவையான புலங்களை மட்டும் எடுத்து வெற்றுப் பொருளாகப் புதிதாக அமைப்பதே தீர்வு. பொருளை ஆழமாக நகலெடுக்கும் ஸ்ட்ரக்சர்டு குளோன் இங்கே உதவாது; ப்ராக்ஸியைக் கொடுத்தால் அது பிழை எறியும்.

ஆங்குலர் பக்கத்துக் குறை வேறு விதமானது. ஒப்புதல் பலகம் முன்பு சில நொடிகளுக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தது. புதிய அமைப்பில் அது தேவையில்லை என்று எடுத்துவிட்டோம். உடனே பலகம் பழைய ஆவணத்தின் பெயரையே காட்டிக்கொண்டு நின்றது. அதன்மேல் எங்காவது சொடுக்கினால் மட்டும் திருந்தியது. அந்தப் பலகம் ஸோன்.ஜேஎஸ் மூலம் இயங்குவது, அதாவது தன் ஸோனுக்குள் ஏதாவது நிகழ்ந்தால் மட்டும் திரையைச் சரிபார்ப்பது. நிகழ்வுக் கவனிப்பாளர் எந்த ஸோனில் பதிவானதோ அந்த ஸோனிலேயே இயங்கும். ரியாக்ட் பகுதியின் கவனிப்பாளர்கள் ஆங்குலரின் ஸோனுக்கு வெளியே பதிவானவை. ஆகவே அங்கிருந்து பிறந்த டிஸ்பாட்சும், அதன் அறிவிப்பும் வெளியிலேயே நடந்து முடிந்தன. மதிப்பு மாறியது, திரையைச் சரிபார்க்க வேண்டும் என்ற செய்தி மட்டும் ஆங்குலருக்குப் போகவில்லை. முன்பு இருந்த டைமர், வேறு வேலைக்காக அடித்துக்கொண்டிருந்தாலும், இந்தக் குறையைத் தற்செயலாக மறைத்துவைத்திருந்தது. அடாப்டரில் அறிவிப்பை என்ஜிஸோனின் ரன் வழியாகச் செலுத்தியதும் சரியானது. 2023 மேயில் வந்த 16-ஆம் பதிப்பில் இருந்து ஆங்குலரில் சிக்னல்கள் (தம் மாற்றத்தைத் தாமே அறிவிக்கும் மதிப்புகள்) இருக்கின்றன. பலகத்தை அவற்றுக்கு மாற்றும்போது அடாப்டரின் இந்த ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதினால் போதும்.

சேதமடைந்த தரவு

அமைப்பை மாற்றுவதற்கு முன்பே செய்த ஒரு திருத்தத்தை இங்கே குறிப்பிட வேண்டும். குறிப்புப் பெட்டி திறக்கும் கணத்திலேயே ஆவண எண்ணைத் தன்னிடம் வாங்கிக்கொள்கிறது. சேமிக்கும்போது ஸ்டோரைக் கேட்பதில்லை. நிலை மேலாண்மை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இது தேவைப்பட்டிருக்கும், ஏனெனில் பயனர் எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினார் என்பது அவருடைய செயலின் பகுதி, பக்கத்தின் நடப்பு நிலையின் பகுதியல்ல. இது ஒரே நாளில் வெளியானது; புதிய தவறுகள் அன்றோடு நின்றன.

ஏற்கெனவே இடம்மாறிய குறிப்புகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு குறிப்புடனும், அது சுட்டும் வாக்கியமும் சேர்த்துச் சேமிக்கப்பட்டிருந்தது. அந்த வாக்கியம், குறிப்பு சேர்ந்திருக்கும் ஆவணத்தில் இல்லையென்றால் ஐயத்துக்கு உரியது. அவ்வாறு பிடிபட்டவற்றை நாங்களாக நகர்த்தாமல், எழுதியவரிடமே அனுப்பி உறுதி செய்துகொண்டோம். வாக்கியம் எதையும் சுட்டாமல் பொதுவாக எழுதப்பட்ட குறிப்புகளை இந்த முறையால் கண்டறிய முடியவில்லை. அந்தக் காலகட்டத்துப் பொதுக் குறிப்புகள் அனைத்தையும் அவரவரே ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம்.

சோதனைகளில் இப்போது, பதில்களை வேண்டுமென்றே தலைகீழ் வரிசையில் தரும் போலிச் சர்வர் ஒன்று இருக்கிறது. பழைய குறியீட்டின் மேல் அதை ஓட்டினால் ஒவ்வொரு முறையும் பிழை வருகிறது.

இன்னும் தீராதது

உலாவியின் முகவரிப் பட்டியும் ஒரு ஸ்டோர்தான் என்பதை நாங்கள் பிந்தியே உணர்ந்தோம். தேர்ந்தெடுத்த ஆவணத்தின் எண் முகவரியிலும் இருக்கிறது. முகவரிக்கு ஏற்ற பக்கத்தைக் காட்டும் வியூ ரௌட்டரும் ஆங்குலர் ரௌட்டரும் தத்தம் வழியில் அதைக் கவனிக்கின்றன. பின்செல் பொத்தானை அழுத்தினால் பாப்ஸ்டேட் நிகழ்வு இரண்டுக்கும் கேட்கும். ஒரு ரௌட்டர் புஷ்ஸ்டேட் மூலம் முகவரியை மாற்றினால் அந்த நிகழ்வு எழுவதில்லை என்பதால் மற்றது அறியாது. ஆகவே ஒரே உண்மைக்கு இரண்டு உரிமையாளர்கள் இருக்கும் பழைய நிலைமை இங்கே மட்டும் எஞ்சியிருக்கிறது. முகவரியை எழுதும் உரிமையைத் தாய்ப்பக்கத்துக்கு மட்டும் கொடுத்து, பின்செல் பொத்தானை ஸ்டோருக்கான கட்டளையாக மாற்றும் வேலை வியூ பகுதியில் முடிந்துவிட்டது. ஒப்புதல் பலகத்தில் தனக்குள்ளேயே பக்கங்கள் இருப்பதால், அதன் ரௌட்டரை நினைவகத்தில் மட்டும் இயங்கச் செய்வதா, முகவரியில் அதற்கென ஒரு பகுதியை ஒதுக்குவதா என்று இரு வழிகளையும் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.